கதவிலிருந்து ஃப்ரீசருக்குப் பதினைந்து அடி

ட்வைட்: பெரியவரே, இது நான் எடுத்துக் காட்டற ஆறாவது துப்பாக்கி. இதுல என்ன குறை?

ஓட்டிஸ்: நல்லா இருக்கு. அதான் குறை.

வெல்மா: பாத்தியா தம்பி? கடைக்குள்ள கால வச்சதுல இருந்து என் வீட்டுக்காரர் இதே பாட்டுதான்.

ட்வைட்: அம்மா, வாங்கப் போறது நீங்க. உங்களுக்குப் பிடிச்சிருக்கா, அதச் சொல்லுங்க.

வெல்மா: முந்நூறு டாலருக்குள்ள இருக்கணும். கைக்கு அடக்கமா இருக்கணும்... இத எப்படித் திறக்கறது?

ட்வைட்: மேல்பாகத்தப் பின்னால இழுங்க. உள்ள குண்டு இருக்கான்னு முதல்ல பாக்கணும். நான் பாத்துட்டுத்தான் குடுத்தேன், இருந்தாலும் நீங்களும் பாக்கணும். கை மாறும்போதெல்லாம் பாக்கறதுதான் இங்க வழக்கம்.

வெல்மா: ம்ம்ம்... வரமாட்டேங்குதே.

ஓட்டிஸ்: அப்ப இதயே குடுத்துடு!

ட்வைட்: இழுக்கவே முடியாத துப்பாக்கிய வச்சு என்னய்யா செய்வாங்க?

ஓட்டிஸ்: திருடன் பாத்தாலே போதும். பயந்துடுவான், பாவம்.

வெல்மா: பாவமா! யாரப் பாவம்ங்கறீங்க?

ஓட்டிஸ்: பொதுவாச் சொன்னேன்.

ட்வைட்: சரிம்மா, வீட்டுல என்னதான் திருடு போச்சு?

வெல்மா: கேக்கு. சர்ச் விற்பனைக்குன்னு அப்பப்பச் செஞ்சு, மொத்தம் ஒன்பது பீக்கன் பருப்புக் கேக்கு ஷெட்டு ஃப்ரீசர்ல வச்சேன். ஆறு காணோம்.

ட்வைட்: ...கேக்கா?

வெல்மா: ஏன், கேக்குன்னா திருட்டு இல்லையா? என் ஷெட்டு, என் பூட்டு. இனிமே எவனாவது அந்தக் கதவத் திறந்தான்னா கேள்வியெல்லாம் கேக்க மாட்டேன். வெடிதான்.

ஓட்டிஸ்: அது ரக்கூன், வெல்மா. நூறு தடவ சொல்லிட்டேன். எங்க பண்ணையில ஒரு ரக்கூன் இருந்துச்சு தம்பி, பூனையவிடக் கொஞ்சம் பெருசு, வாரம் பூரா ராத்திரியில வந்து தீனி திருடும், ஞாயித்துக்கிழமை மட்டும் தொடாது. அவ்வளவு பக்தி.

வெல்மா: உங்க ரக்கூன் பூட்டத் திறந்து, கேக்கத் தின்னு, தட்டக் கழுவிக் கவுத்துட்டு, திரும்பப் பூட்டிட்டுப் போகுதா?

ஓட்டிஸ்: நல்ல வளர்ப்பு.

ட்வைட்: ஐயா, முதல்ல உக்காருங்க. ஏன் இப்படி நொண்டுறீங்க?

வெல்மா: ஆகஸ்ட்டுல ஒரு கால்விரல எடுத்தாங்க. சர்க்கரை. இன்னும் ஏறிச்சுன்னா பாதத்தையே எடுக்கணும்னு துல்சா ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டாரு. இந்தக் கால வச்சுக்கிட்டு இவர் எந்தத் திருடனத் துரத்தறது? அதான் துப்பாக்கி.

ஓட்டிஸ்: ஒரு நாய் வாங்கலாமே...

வெல்மா: வாய மூடுங்க.

ட்வைட்: அப்ப ரிவால்வர் பாருங்கம்மா. இழுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, விசைய அமுக்கினாப் போதும். அஞ்சு குண்டு. ஒருத்தர் வச்சிருந்தது, அதான் விலை கம்மி. சின்னது, லேசு. லேசா இருக்கறதால சுடும்போது எகிறும், அதயும் இப்பவே சொல்லிடறேன்.

ஓட்டிஸ்: மக்கர் பண்ணுமா?

ட்வைட்: பண்ணாது.

ஓட்டிஸ்: கொஞ்சம்கூட?

ட்வைட்: ஐயா, பதினெட்டு வருஷமா கடை வச்சிருக்கேன். மக்கர் பண்றதாக் குடுன்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்!

ஓட்டிஸ்: சரி, என் பேர்ல எழுது. குண்டெல்லாம் என்கிட்ட இருக்கட்டும். வேணும்ங்கறப்ப அவ கேட்டு வாங்கிக்கட்டும்.

வெல்மா: திருடனக் கொஞ்சம் நில்லுப்பான்னு சொல்லிட்டு, உங்கள வந்து எழுப்பணுமா?

ஓட்டிஸ்: நான் முழிச்சுத்தான் இருப்பேன்.

ட்வைட்: அதெல்லாம் ஆகாது. அவங்க காசுல அவங்களுக்கு வாங்கறத நீங்க உங்க பேர்ல எழுதினா ரெண்டு பேருக்கும் வம்பு. எனக்கும் வம்பு. வாங்கறவங்கதான் படிவம் எழுதணும். அதுக்கு முன்னால அம்மா சுட்டுப் பாக்கட்டும், பின்கட்டுல இடம் இருக்கு. ஆள் படம் போட்ட காகிதத்த எவ்வளவு தூரத்துல மாட்டட்டும்?

வெல்மா: ஷெட்டுக் கதவுல இருந்து ஃப்ரீசர் பதினஞ்சு அடி. அங்கயே மாட்டு.

ஓட்டிஸ்: நாப்பது! நாப்பது அடி இருக்கும் வெல்மா!

வெல்மா: நீங்க எப்ப அளந்தீங்க?

ஓட்டிஸ்: ...உத்தேசமாச் சொன்னேன்.

ட்வைட்: ஐயா, நீங்க அசையாம இங்கயே இருங்க. கண்ணாடி வழியாப் பாக்கலாம். அம்மா, காதுல இத மாட்டிக்கிட்டு வாங்க.

ஓட்டிஸ்: ஒண்ணு... ஐயோ... ரெண்டு... கண்ண மூடிக்கிட்டா சுடறா?... மூணு... ஆண்டவரே... நாலு... போதும்டி... அஞ்சு.

வெல்மா: இந்தாங்க, காகிதத்தப் பாருங்க.

ஓட்டிஸ்: வயித்துல அஞ்சு ஓட்டை!

வெல்மா: நான் காலுக்குத்தான் குறி வச்சேன்.

ஓட்டிஸ்: காலுக்கு வச்சது வயித்துக்கா போகும்?

ட்வைட்: எகிறும்னு முதல்லயே சொன்னேன்.

வெல்மா: போகப் போகக் கை பழகிடும். படிவத்த எடு தம்பி.

ஓட்டிஸ்: எடுக்காத!

ட்வைட்: எடுக்கவா, வேணாமா? ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. மத்தியானச் சாப்பாடு ஆறிக்கிட்டிருக்கு எனக்கு.

ஓட்டிஸ்: வெல்மா... அந்தத் திருடன்... கொஞ்சம் வயசானவனா இருந்தா?

வெல்மா: வயசானவனுக்கு வயிறு இருக்காதா?

ஓட்டிஸ்: இல்ல... நாப்பத்தாறு வருஷமா உன்கூடவே இருக்கறவனா இருந்தா?

வெல்மா: ...ஆறும் நீங்களா?

ஓட்டிஸ்: ஆறும். ஒவ்வொரு தடவையும் இதான் கடைசின்னு நெனச்சுத்தான்... சத்தியமா.

ட்வைட்: அப்ப இத உள்ள எடுத்து வச்சுடவாம்மா?

வெல்மா: வச்சுடு தம்பி. நான் வாங்க வரல, இவர் வாயால சொல்லணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். முதல் கேக்கு போனப்பவே எனக்குத் தெரியும். கடைசி ரெண்டுல சர்க்கரையே போடல, உப்ப அள்ளிக் கொட்டி வச்சேன்... அதையும் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமத் தின்னிருந்தார். அன்னிக்குத்தான் எனக்கு நிஜமாவே பயம் வந்துச்சு.