மேல பேரு எழுதற பழக்கம்

சிறுசேரிலக்கா. ஆமா, கம்ப்யூட்டரு வேலை தான். உங்க பொண்ணும் அதுக்குத்தான் படிக்குதா? படிக்கட்டும், நல்ல வேலை. கூட வேலை செய்யறவங்கள மட்டும் கண்ண மூடிகினு நம்பாதனு சொல்லி வெய்யுங்க.

இன்னா ஆச்சா? வண்டி இப்ப தான மதுராந்தகம் தாண்டுது, நான் எறங்கற அச்சரப்பாக்கம் வர வரைக்கும் டைம் கீது. சொல்றேன்.

ஒரு ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடற மிஷினு. லினக்ஸ்ல ஓடுது, பாத்துக்கறது நான். எந்த டோக்கன் எந்த கவுண்டருக்குப் போவணும்னு ஒரு பைல்ல எழுதியிருக்கும், கான்பிக் பைலுனு சொல்வோம். மிஷினு அத படிச்சி அதும்படி நடக்கும், அவ்ளோதான். நாலாவது மாடி கவுண்டர மூடிட்டோம், கீழ மாத்துங்கனு சொன்னாங்க. மாத்தினேன், சேவ் பண்ணேன், மிஷின புதுசா படிக்கச் சொல்லி ரீஸ்டார்ட்டும் பண்ணேன். கரெக்டா ஓடிச்சி. கால் மணி நேரம் தான்க்கா. மறுபடியும் நாலாவது மாடினு டோக்கன் வருதுனு போனு. தொறந்து பாத்தா நான் எழுதினது இல்ல, பழசு கீது.

சேவ் பண்ண மறந்துட்டியாமானு கேட்டாரு மேனேஜரு பக்தவத்சலம். எனக்கே அப்பிடித்தான் தோணிச்சி. திரும்பப் பண்ணேன், திரும்பப் பழசு. ஆறு நாளு. முட்டி வலிக்காரங்கல்லாம் மாடி ஏறிப் போயி, மூடின கதவ பாத்துட்டு எறங்கினாங்களாம். எனக்கு அப்ப தான் டீம் லீடு குடுத்திருந்தாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலனா லீடுக்கு வேற ஆளுனுட்டாரு மேனேஜரு.

பக்கத்து டீமுல சிவராம்னு ஒருத்தரு. என்ன வுட சீனியரு, லீடு அவருக்குத்தான் வரும்னு எல்லாரும் நெனைச்சிகினு இருந்தோம். எனக்கு வேலை கத்துக் குடுத்ததே அவரு தான். எந்த பைல தொட்டாலும் மேல உன் பேரு, தேதி, எதுக்குத் தொட்டனு மூணும் எழுதுனு உசிர எடுப்பாரு. இந்த ஆறு நாளும் டீ வாங்கியாந்து குடுத்தாரு. மறந்து மறந்து போற, ஒடம்ப பாரு, பேசாம பேப்பர் போட்டு வேலைய வுட்டுடுனாரு. நமக்காக எவ்ளோ வருத்தப்படறாருனு நானும் ராஜினாமா அடிச்சி வெச்சிட்டேன்.

நேத்து காலையில இன்னா தோணிச்சோ, சேவ் பண்ண ஒடனே போன்ல போட்டோ எடுத்தேன். கால் மணி கழிச்சி பாத்தா, போட்டோவுல புதுசு, மிஷின்ல பழசு. அப்ப நான் மறக்கல. டைம் வெச்சி தானா நடக்கற வேலைக்கெல்லாம் மிஷின்ல ஒரு பட்டியல் இருக்கும், அதுல தேடினேன். கால் மணிக்கு ஒரு வாட்டி பழைய பைல கொண்டாந்து என்னுது மேல போட்டு, மிஷின ரீஸ்டார்ட்டும் பண்ற மாதிரி ஒரு குட்டி ப்ரோக்ராம் குந்திகினு கீது. மேல மூணு வரி. பேரு, சிவராம். தேதி, எனக்கு லீடு குடுத்த மறுநாளு. காரணம், தற்காலிகம், சியாமளா பேப்பர் போடற வரைக்கும்.

சியாமளா நான் தான்க்கா.

பழக்கதோஷம், வேற இன்னா. திருட்டுத்தனம் பண்ணும்போதும் பேரு எழுதாம அந்தாளுக்குக் கை வரல.

இல்ல, யாரண்டயும் சொல்லல. அந்த மூணு வரிய போட்டோ எடுத்து வெச்சிகினு, ப்ரோக்ராம தூக்கிட்டேன். இப்ப நல்லா ஓடுது. மேனேஜரு கை குடுத்தாரு. சிவராமும் வந்து சிரிச்சிகினே கை குடுத்தாரு. அதான் தாங்கல. திட்டியிருந்தாக் கூட பரவால்லக்கா, டீ வாங்கியாந்து குடுத்தாரே.

வுடுங்க, போனு அடிக்கட்டும். அவரு தான், ஏழாவது வாட்டி. நான் அந்த மூணு வரிய படிச்சேனா இல்லியானு கேக்க வாய் வராது. வண்டி சாவி எங்கனு கேப்பாரு. கல்யாணம் ஆயி ஆறு வருசம், தெனம் ஒரே ஆணியில தான் மாட்டறேன், இன்னும் அந்தாளுக்குத் தேடத் தெரியாது.