நூற்றெட்டே கால்

எனக்குக் கணக்கு நன்றாக வரும், சுலேகா. பள்ளிக்கூடத்திலிருந்தே வரும். இன்று நீ உங்கள் வீட்டுத் தேக்குவாப் பலகார டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "அந்த வருஷம் பதிமூணு மார்க் தப்பாச் சொன்னீங்களாமே அண்ணே. 'அவனுக்குக் கணக்குதான் வராது, மனசு தங்கம்'னு எங்கண்ணன் சொல்லுவான்." மனசைப் பற்றி உன் அண்ணன் அமரேந்திரன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கணக்கு வராது என்றானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உட்கார், சொல்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் பாட்னா முசல்லாபூரில் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, அதுவும் அவன் பக்கம் மட்டும் திரும்பும். மத்திய அரசு ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்குப் படித்தோம். சிவில் பிரிவு. அவன் படித்தான் என்று சொல்வதே சரி. நான் முதல் தாள் எழுதியவர்கள் விடைக்குறிப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கி, இந்த முறை கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று யூடியூபில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். 'கட்-ஆஃப் பாபா' என்று பட்டம் வேறு. தெருமுனையில் லிட்டி உருண்டை சுட்டு விற்கிறவர்கூட, "பாபா, என் மச்சானுக்கு நூத்தி மூணு, தேறுமா?" என்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பேன். கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை, பார்க்க நன்றாக இருக்கும் என்று மூடுவேன்.

அந்த வருஷம் ஒன்பதாயிரம் பேர் மதிப்பெண் அனுப்பினார்கள். கூட்டிச் சொல்கிறவன் எவன், குறைத்துச் சொல்கிறவன் எவன் என்று சலித்தெடுக்க நாலு நாள் ஆனது. கடைசியில் நூற்றெட்டே கால் வந்தது. நோட்டில் தேதி போட்டு எழுதினேன். என் மதிப்பெண் நூற்றுப் பதினொன்று. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். நான் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் தாள் தேறிவிடும். ஆனால் இரண்டு தாளையும் கூட்டித்தான் வேலை கொடுப்பார்கள். எனக்கு மேலே இருந்த ஆயிரக்கணக்கானோரும் மூன்று மாதம் உட்கார்ந்து படித்தால் என் கதி என்ன? அதனால் வீடியோவில் நூற்று இருபத்தொன்று என்றேன். அதற்குக் கீழே இருப்பவர்கள் மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள் என்று கனிவாகவும் சொன்னேன். நிறையப் பேர் நன்றி எழுதியிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் உன் அண்ணன் அவலில் தயிர் ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"டேய் பாபா, வீடியோவுல அளக்குறத விடு. எனக்கு நூத்திப் பதினஞ்சு. இதோட எனக்கு வயசு முடியுதுடா. என்கிட்டயாவது உள்ளதச் சொல்லு."

அவனுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். ஒருவனிடம் சொன்னால் ஊருக்கே பரவிவிடும் என்று அன்று ஒரு காரணம் வைத்திருந்தேன். நல்ல காரணம்தான். ஆனால் அவன் என்னைவிட நாலு மார்க் அதிகம், இரண்டாம் தாளிலும் கெட்டிக்காரன்.

"நூத்தி இருபத்தொண்ணுல ஒரு மார்க் குறையாதுடா," என்றேன்.

"உனக்கு எவ்ளோ?"

"நூத்தி இருபத்தாறு."

கையைக் கழுவிக்கொண்டு வந்தான். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்து என் பக்கம் தள்ளினான். இரண்டாம் தாளுக்காக அவன் கைப்பட எழுதியவை. "இனிமே எனக்கு எதுக்கு? நீயாவது ஜெயிச்சுட்டு வாடா." மிச்சத் தயிரையும் என் தட்டில் போட்டான். கெட்டித் தயிர். சாப்பிட்டேன்.

அந்த வாரமே சூரத்தில் ஒரு கட்டிட வேலைக்குப் போய்விட்டான். முடிவு வந்தது. கட்-ஆஃப் நூற்றெட்டுப் புள்ளி மூன்று ஒன்று. 'யானைக்கும் அடி சறுக்கும் பாபா' என்று பிள்ளைகள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். உன் அண்ணன் போனில் மூச்சு வாங்கினான்.

"நான் தேறிட்டேன்டா. இன்னும் இருபது நாள்தான் இருக்கு. அந்த நோட்ட உடனே அனுப்பு."

"வேற ஒருத்தன் வாங்கிட்டுப் போயிட்டான்டா."

நோட்டு என் மடியில்தான் இருந்தது. கடைசி இரண்டு பாடம் எனக்கு இன்னும் பாக்கி.

"சரி விடு, உன்மேல என்ன தப்பு," என்றான். வந்து எழுதினான். ஆறு மார்க்கில் போயிற்று. பட்டியலில் எனக்குக் கீழே ஏழே பேர். அவன் இன்னும் சூரத்தில் தினக்கூலிக்குக் கான்கிரீட் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் இங்கே அரசாங்க நாற்காலியில் இருக்கிறேன். ஏழு வருஷமாக, சட் பண்டிகைக்குத் தவறாமல் தேக்குவா கொடுத்தனுப்புகிறான். அதையும் சாப்பிடுகிறேன், வெட்கம் பார்த்தால் ஊசிப்போய்விடும்.

ஏன் எழுந்துவிட்டாய்? உன் நூற்று நாலு இந்த முறை தேறுமா என்று கேட்டாயே, அதைப் பிறகு பார்ப்போம். முதலில் என்னுடைய இந்தப் பழைய நோட்டைப் பார். தேதியைப் பார். முடிவு வருவதற்கு எழுபத்தைந்து நாள் முன்னால் எழுதியது. நூற்றெட்டே கால். ஒரு வீசம், மார்க்கில் பதினாறில் ஒரு பங்குதான் பிசகு. இந்தியாவில் வேறு எவனும் இவ்வளவு கிட்டத்தில் வரவில்லை.

அமரேந்திரனிடம் சொல். மற்றதெல்லாம் சொல்லாதே, பாவம், மனசு கஷ்டப்படும். எனக்குக் கணக்கு வரும் என்பதை மட்டும் சொல்.