கெட்டில்பேக் ஏரியின் பனிப்பாதையை அறுத்தது பற்றி

என் பெயர் டார்லா கிவிமாகி. வயது 57. தகப்பனார் பெயர் ஆர்வோ கிவிமாகி. வடக்கு மின்னசோட்டாவில் கெட்டில்பேக் ஏரியின் தென்கரையில், படகுத்துறைச் சாலை 14ஆம் எண் வீட்டில் குடியிருந்து வருகிறேன். கெட்டில்பேக் விடுதியில் பத்தொன்பது குளிர்காலமாக ஏரிப்பாதையைப் பார்த்துக்கொள்கிறேன். உறைந்த ஏரியில் துளை போட்டுப் பனிக்கட்டியின் கனத்தை அளப்பதும், வண்டி போகலாமா கூடாதா என்று சொல்வதும், போகலாம் என்றால் கொடி நட்டுப் பாதை காட்டுவதும் என் வேலை. என் மேல் புகார் கொடுத்திருக்கும் பிரெஸ்டன் லாக்ரிட்ஜ் இரண்டு வருடத்துக்கு முன் விடுதியை வாங்கியவர். வக்கீல் வேண்டுமா என்று போலீசார் கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

20.12.2018 வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு நானும் உடன் வேலை பார்க்கும் வர்ஜில் கிங்பேர்டும் ஏரிக்குள் போய் இருபத்திரண்டு துளை போட்டோம். வர்ஜிலுக்கு வயது 63. "நீ அளக்குற மாதிரி எந்தத் தையக்காரனும் அளந்ததில்ல, கிழவி" என்று கேலி செய்தார். கரையோரம் பதினொரு அங்குலம் இருந்தது. இரண்டு தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் உள்ள இடுக்கில் ஆறு அங்குலம்தான் இருந்தது, அதிலும் மேல் இரண்டு அங்குலம் வெளுத்துப்போன சொத்தைக் கட்டி. பிக்கப் வண்டி போகக் குறைந்தது பதிமூன்று வேண்டும். விருந்தாளிகள் தங்கி மீன் பிடிக்கும் பனிக்குடில்கள் எல்லாம் இடுக்குக்கு அப்பால்தான் இருக்கின்றன. ஆகவே அலுவலகப் பலகையில் "இடுக்கு 6, வண்டி கூடாது" என்று எழுதிவிட்டு, ஏரியில் இறங்கும் சரிவில் மரத்தடுப்பை இழுத்துப் போட்டுவிட்டு, நான் சாப்பிட வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு ஒரு மணிக்குத் திரும்பியபோது தடுப்பு ஓரமாகக் கிடந்தது. பனியில் டயர்த் தடம் இருந்தது. பலகையில் ஆறை அழித்துப் பதிமூன்று என்று எழுதியிருந்தது, அது என் கையெழுத்து இல்லை. பிரெஸ்டனைக் கேட்டேன். "பதறாதீங்க டார்லா. நீங்க எப்பவும் குறைச்சுத்தான சொல்லுவீங்க. குடிலுக்கு ஜெனரேட்டர் போயாகணும், வர்ஜில அனுப்பிட்டேன்" என்றார். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு, பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டியில் போனேன்.

இடுக்கில் வண்டி தெரியவில்லை. ஓட்டை தெரிந்தது. வர்ஜில் அதன் விளிம்பில் இரண்டு கையையும் பரப்பித் தொங்கிக்கொண்டிருந்தார். நான் வயிற்றால் ஊர்ந்து போய்க் கயிற்றை வீசினேன். அவர் விரல்கள் மடங்கவில்லை. "முழங்கையில சுத்து வர்ஜில், முழங்கையில" என்று கத்தினேன். அவர் சுற்றிக்கொண்டே, "நீ மறுபடி போய் இடுக்குல வேற பக்கம் அளந்து பதிமூணுன்னு சொன்னியாமே?" என்று கேட்டார். நான் இழுத்தேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார். அது பிரெஸ்டனுக்குத் தெரியும்.

அதன் பிறகு அவரை ஸ்னோமொபைலில் கிடத்திக் கரைக்குக் கொண்டுவந்தேன். கரையில் நின்ற பிரெஸ்டன் கேட்ட முதல் கேள்வி, "ஜெனரேட்டர் எறக்கியாச்சா?" என்பது. வர்ஜிலுக்கு வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டதாக அவர் மனைவி வெள்ளிக்கிழமை மதியம் சொன்னார். அன்றே நான் போலீசுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமை ஆள் வருவார் என்று பதில் கிடைத்தது.

22ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேலைக்குப் போனேன். தடுப்பு மறுபடியும் இல்லை. என் கொடிகளைப் பிடுங்கி, வர்ஜில் விழுந்த ஓட்டைக்கு ஐம்பதடி தள்ளி நட்டிருந்தார்கள். ஒரு தம்பதி மூன்று பிள்ளைகளோடு வந்து, விடுதியின் இன்னொரு பிக்கப்பில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெண்ணுக்கு நான்கு வயது இருக்கும். பிரெஸ்டனைத் தனியாகக் கூப்பிட்டு, இடுக்கு அப்படியேதான் இருக்கிறது என்றேன். "கொடி நட்டிருக்கேன்ல? வந்தவங்க முன்னாடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம காபி போட்டுக் குடுங்க" என்றார்.

நான் காபி போடவில்லை. கொட்டகையிலிருந்து சங்கிலி ரம்பத்தை எடுத்து வந்து, சரிவின் அடியில் ஒரு பாறையிலிருந்து மறு பாறைவரை நாற்பதடி நீளத்துக்கு இரண்டு கோடாகப் பனியை அறுத்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, கொக்கித் தடியால் அடியில் தள்ளினேன். தண்ணீர் தெரிந்தது. வேறு வழியில் அந்தக் கரையிலிருந்து வண்டி ஏரிக்குள் இறங்க முடியாது.

ரம்பத்தை ஓங்கி அவரைக் கொல்ல வந்தேன் என்று புகாரில் இருப்பது பொய். கடைசித் துண்டு மட்டும் மீதி இருந்தபோது பிரெஸ்டன் ஓடிவந்து, "ஏய், நிறுத்துடி! பைத்தியமா உனக்கு?" என்று கத்தி, அந்தத் துண்டின் மேலேயே ஏறி நின்றார். நான் ரம்பத்தை அணைத்தேன். "நீ நிக்கிற கட்டிய ரெண்டு பக்கமும் அறுத்தாச்சு. கரைக்குத் தாண்டு" என்றேன். அவர் தாண்டினார். அவருக்குக் கெடுதல் நினைத்திருந்தால் நான் வாயைத் திறக்காமல் நின்றிருந்தாலே போதும்.

அதன் பிறகு அந்தப் பிள்ளைகளின் தாய் ஜோலீன் இறங்கி வந்து, "என்னங்க நடக்குது இங்க?" என்று கேட்டார். நான் அளவுகோலை அவர் கையில் கொடுத்து, அறுத்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "பதினொண்ணு" என்றார். "நீங்க போகப்போற எடத்துல ஆறு. முந்தாநாள் ஒரு மனுசன் வண்டியோட உள்ள போயிட்டாரு" என்றேன். அவர் பிரெஸ்டனைப் பார்த்து, "இத நீங்க சொல்லவே இல்லையே?" என்றார். "அது வேற எடம் மேடம்" என்றார் பிரெஸ்டன். அந்தம்மா பைகளைத் தன் கையாலேயே இறக்கினார். தூங்கிக்கொண்டிருந்த கடைசிப் பெண்ணைத் தங்கள் காரில் மாற்றிப் படுக்கவைத்தார். அவர்கள் போன பிறகு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, பிரெஸ்டன் கூப்பிட்ட போலீஸ் வண்டிக்குக் காத்திருந்தேன். வியாழக்கிழமை நடந்ததற்குத் திங்கட்கிழமை வருவதாக இருந்த வண்டி, பனியை அறுத்ததற்கு இருபது நிமிடத்தில் வந்தது.

பாதையை அறுத்தது நான்தான். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை.

இந்த வாக்குமூலத்தை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் பனியை அறுத்தது "திடீர் ஆத்திரத்தில்" என்று எழுதியிருந்தார். திடீர் என்பதை அடிக்கச் சொன்னேன், அடித்தார். ஆத்திரம் அப்படியே இருக்கட்டும் என்றேன். மற்றவை எல்லாம் நான் சொன்னபடியே இருக்கின்றன, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) டார்லா கிவிமாகி
22.12.2018, மாலை 4.10