அட்டையின் எடை

இந்தப் பெட்டியை இவ்வளவு பெரிதாகக் கட்டியிருக்க வேண்டியதில்லை ஐயா. உள்ளே இருப்பது ஒரே ஒரு பஞ்சுப் போர்வை, அதுவும் கைக்குழந்தை அளவு. பெட்டியில் முக்கால்வாசி வெறும் காற்று. அதைப் போய் விமானத்தில் அனுப்பியிருக்கிறார்கள். சாட்சிப் பொருள் என்றால் கேட்க ஆளில்லை போலிருக்கிறது.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். எதையும் முதலிலிருந்து விளக்கியே எனக்குப் பழக்கம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மனைவியும் சேர்ந்து நடத்திய கடை அது. துணித்துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்து அவள் போர்வை தைப்பாள். நான் அவற்றை வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவேன். தையலைப் பாராட்டாதவர் கிடையாது. பார்சலைப் பாராட்டியவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் கடை தலைநிமிர்ந்து நின்றது என் கைவேலையால்தான்.

பார்சலுக்கு எடையையும் பார்ப்பார்கள், அளவையும் பார்ப்பார்கள். போர்வை என்பது பெரும்பாலும் காற்று. போர்வையை பிளாஸ்டிக் பையில் போட்டு, தரை சுத்தம் செய்யும் மெஷினின் குழாயைப் பையின் வாயில் சொருகிக் காற்றை உறிஞ்சிவிட்டால், மூட்டையாக இருந்தது பலகை மாதிரி ஆகிவிடும். முதல் தடவை அதைப் பார்த்த என் மனைவி, "ஐயோ, பாவங்க அது, மூச்சு முட்டிச் சாகப்போகுது" என்று சிரித்தாள்.

வணிகர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். 'காற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள்' என்பது என் தலைப்பு. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதன் பிறகு 'அஞ்சல் சிக்கன ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். "ஊருக்கெல்லாம் ஆலோசனை, வீட்ல ஓடுற ஃபேனுக்கு ஒரு ரெகுலேட்டர் வாங்க மனசு வரலை" என்றாள் மனைவி. பெரிய காரியம் செய்பவர்களுக்கு வீட்டில் இப்படித்தான் மரியாதை கிடைக்கும்.

அடுத்ததாக விமானத் தபாலை நிறுத்திவிட்டுக் கப்பல் தபாலுக்கு மாறினேன். பாதிக்கும் குறைவான செலவு. மாதக்கணக்கில் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஆனால் அந்த மாதங்களில் பூச்சிகள் உட்கார்ந்து சாப்பிட்டன. சல்லடையாகப் போய்ச் சேர்ந்த போர்வைகளுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அதனால் தானியக் கிடங்குகளில் மூட்டைகளுக்கு நடுவே வைக்கும் பூச்சி மருந்தை வாங்கிவந்து பைக்குள் போட ஆரம்பித்தேன். காற்றுப் புகாத பை என்பதால் மருந்தின் வீரியம் துளிகூட வெளியே போகாது. சிக்கனத்தில் இது ஒரு அழகு. ஒன்று இன்னொன்றுக்குத் துணை நிற்கும்.

ஒரே ஒரு புகார் வந்தது. ஒரு வாடிக்கையாளர் போர்வையைப் பிரித்து அப்படியே கிளிக்கூண்டின் மேல் போர்த்தியிருக்கிறார். விடிந்து பார்த்தால் இரண்டு கிளிகளும் கூண்டின் தரையில். போர்வைக்கும் சேர்த்து, கிளிகளுக்கும் சேர்த்துப் பணம் கேட்டார். கிளிக்குப் போர்வை எதற்கு என்று நான் கேட்டேன். என் மனைவி கேட்கவில்லை. அன்று முழுக்க அவள் தையல் மெஷினைத் தொடவில்லை.

"மருந்தை நிறுத்திடுங்க."

"நிறுத்தினா பூச்சி திங்கும். விமானத்துல அனுப்பினா நாம திங்க முடியாது."

கடைசியில் ஒவ்வொரு பார்சலிலும் அவள் ஓர் அட்டை கட்டத் தொடங்கினாள். சிவப்பு மையில் கொட்டை எழுத்து: 'உள்ளே விஷ மருந்து. நாள்கணக்கில் வெளியே காற்றாடப் போடாமல் பயன்படுத்தக் கூடாது.' யார் கண்ணிலும் தப்பக் கூடாதென்று காலண்டர் அட்டை கனத்துக்கு இருக்கும். அட்டைக்கும் எடை உண்டு என்பதை அவள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் போர்வை அவளுடைய தங்கையின் குழந்தைக்கு. கடல் கடந்து குடியிருக்கிறவர்கள். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து பிறந்த பெண் குழந்தை. என் மனைவி வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டு இதைத் தைத்தாள். அவசரமில்லை, குளிர்காலத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நான்தான் கப்பலில் போடச் சொன்னேன். பையை மூடி, அட்டையைத் தன் கையாலேயே இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினாள். "மத்ததெல்லாம் உங்க இஷ்டம். இதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றாள்.

தபால் அலுவலகத்தில் வெளி உறையைத் தைக்காமல் எடுத்துப்போவது என் வழக்கம். முதலில் எடை பார்த்துக்கொள்ளலாம். கவுன்டர் அம்மா தராசில் வைத்துவிட்டு, "சார், ஒரு பொட்டு கூடுது. அடுத்த ஸ்லாப் ரேட் போட்டுடவா?" என்றார்.

போடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவ்வளவு கஞ்சன் இல்லை நான். ஆனால் வரிசையில் எனக்குப் பின்னால் சங்கச் செயலாளர் நின்றிருந்தார்.

"என்ன ஆலோசகரே, உங்க பார்சலே கூடுதா? அப்ப நாங்க எங்க போறது?"

வரிசையே சிரித்தது.

"சட்டைப் பொத்தானைக் கழட்டி வெச்சாலும் குறையாது சார், பார்சல்ல ஏதாவது எடுத்தாத்தான் உண்டு" என்றார் கவுன்டர் அம்மாவும்.

"கத்தரி இருக்காம்மா?" என்று கேட்டேன். கொடுத்தார். நூலை வெட்டினேன்.

"என்னமோ சிவப்புல எழுதியிருக்கே சார்?"

"விலை அட்டைம்மா. சொந்தக்காரங்களுக்குப் போகுது. விலை தெரிஞ்சா அசிங்கம்."

தராசு முள் கோட்டுக்குள் வந்தது. "அடடா, இவருதான்யா ஆலோசகர்" என்று செயலாளர் என் முதுகில் தட்டினார்.

அன்று மாலை "அட்டை பத்திரமா இருக்குல்ல?" என்று மனைவி கேட்டாள். பத்திரமாக இருக்கிறது என்றேன். கடை மேஜை இழுப்பறையில் இருந்தது. நல்ல கெட்டி அட்டை, தூக்கிப்போட மனம் வரவில்லை. வேறொரு பார்சலுக்கு ஆகும்.

அந்தப் பார்சல் கடலில் இருந்த காலம் முழுக்க நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். உண்மைதான். தங்கைக்குப் போன் போடக் காசுகூட ஆகாது. ஆனால் சொன்னால் அட்டையை வெட்டியது தெரிந்துவிடும். ஒரு குடும்பத்தில் நிம்மதி முக்கியம் ஐயா.

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று போன் வந்தது. மனைவி உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நான் எடுத்தேன்.

"அத்தான், பார்சல் வந்துடுச்சு. எவ்வளவு சின்னதா மடக்கியிருக்கீங்க! பிரிச்சதும் புஸ்ஸுன்னு பெருசாயிடுச்சு. இவரு வாயைப் பொளந்துட்டாரு."

என் வேலையை எங்கள் குடும்பத்தில் ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் முறை.

"ஆனா ஒரு மாதிரி நெடி அடிக்குது அத்தான். இங்க எலும்பு நடுங்குற குளிரு, அதான் கேக்குறேன். துவைச்சுட்டுப் போர்த்தவா? இல்ல, அப்படியே போர்த்தலாமா?"

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் யோசிக்காமல் சொல்லிவிடவில்லை. கிளிகள் கண்ணுக்குள் வந்துதான் போயின. ஆனால் காற்றாடப் போடு என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் அக்காவிடம் கேட்பாள்.

"புதுத்துணி வாசனைம்மா, அது அப்படித்தான் இருக்கும். தாராளமா போர்த்து" என்றேன்.

"காத்துக்கு இடம் விடாம கதகதன்னு மூடிடுறேன் அத்தான்" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

மறுநாள் வந்த போனை மனைவி எடுத்தாள். நேராகக் கடைக்குப் போய் ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்திருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். அட்டையை வெட்டியது நான். அது எதற்கென்று தெரிந்தே வெட்டினேன். போர்த்தச் சொன்னதும் நான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் என் மனைவியின் தங்கை சொல்வதுபோல் நான் மனமறிந்து பிள்ளையைக் கொன்றதாக மட்டும் எழுதாதீர்கள். அன்றைக்கு எனக்கு வேறு வழியில்லை. அட்டை உங்களிடம்தான் இருக்கிறது, போர்வையும் வந்துவிட்டது. ஒரு தராசு கொண்டுவரச் சொல்லுங்கள். அட்டையோடு ஒரு தடவை, அட்டையில்லாமல் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். என் பக்கம் நியாயம் இருப்பது உங்களுக்கே தெரியும்.