லோஷினியின் கயிற்றில் சிவப்பு முடிச்சு

மேடையில் அமர்ந்திருக்கும் நம் சிகிச்சை நிலையத் தலைவர் சத்தியசீலன் ஐயா அவர்களே, மறைந்த நம் கங்கா டீச்சரின் கணவர் திரு. சேது அவர்களே, கோலா சிலாங்கூரிலிருந்தும் சுற்றுத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, காலையிலேயே வந்து நாற்காலி போட்ட நிலையத்து வேன் ஓட்டுநர் முருகையா அண்ணா, உங்கள் எல்லாருக்கும் புனிதவதியின் வணக்கம்.

நாற்காலிகள் ஏன் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன என்று சிலர் கேட்டீர்கள். டீச்சர் இருந்திருந்தால் இப்படித்தான் போட்டிருப்பார்.

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

செயல்முறைச் சிகிச்சையாளர் திருமதி கங்கா சேது, பதினொரு ஆண்டுகள் நம் பிள்ளைகளைக் கவனித்தவர். மருந்து கொடுத்தாரா? இல்லை. ஊசி போட்டாரா? இல்லை. அவர் கையில் இருந்தது ஒரு உருண்டை ராஃபியா கயிறு. காய்கறிப் பை கட்டுவோமே, அதே கயிறு.

என் மகள் லோஷினிக்கு அப்போது நான்கு வயது. தோட்டத்தில் ஒரு பிறந்தநாள் விழா. நம் வீடுகளில் பிள்ளை கதவைத் தாண்டியதும் கை மாறும் அல்லவா? அத்தை தூக்கி மாமியிடம் கொடுத்தார், மாமி சித்தியிடம் கொடுத்தார், ஆளுக்கொரு முறை கன்னத்தைக் கிள்ளினார்கள். நான்காவது கையை லோஷினி கடித்துவிட்டாள். இரத்தம் வந்தது.

"பிள்ளைய வளர்த்த லட்சணத்தப் பாரு" என்றார் ஒருவர். "கண்ணுபட்டிருக்கும் லா, மொளகா சுத்திப் போடு" என்றார் இன்னொருவர். பட்டப்படிப்பு படித்த நானும் மிளகாய் சுற்றினேன். அதற்குப் பிறகுதான் டீச்சரிடம் வந்தேன்.

டீச்சர் கேட்டார். "கொசு கன்னத்துல உட்காரதுக்கு முன்னாடியே உன் கை போகுதா இல்லையா?"

"போகுது டீச்சர்."

"எப்படி? இன்னும் தொடவே இல்லையே. நம்ம உடம்பு தோலோட முடிஞ்சிடுதுன்னு நினைக்கிறோம். மூளை அப்படி நினைக்கல மா. தோலுக்கு வெளிய கொஞ்ச தூரத்தையும் உடம்பு மாதிரியே காவல் காக்குது. பயம் வந்தா அந்த இடம் பெருசாகும். நம்பிக்கை வந்தா ஆளைக் கிட்ட விடும். உன் பிள்ளைக்கு அது ரொம்பப் பெருசு. அங்க போய் நாலு பேரு கைய விட்டிருக்கீங்க, கடிக்காம என்ன செய்வா?"

பிறகு லோஷினியின் நாற்காலிக் காலில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினார். ஒவ்வொருவராக மெதுவாக நடந்து வர வேண்டும். பிள்ளை ‘போதும், நில்’ என்று கையைத் தூக்கும் இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சு, ஆளுக்கு ஒரு நிறத்தில் நூல். முருகையா அண்ணனுக்கு நீலம். இரண்டடியில் முடிச்சு விழுந்தது. அம்மாவுக்குச் சிவப்பு.

என் முடிச்சு நான்கடியில் விழுந்தது.

பெற்றவளுக்கு நான்கடி, வேன் ஓட்டுபவருக்கு இரண்டடி. "கயிறு தப்பு டீச்சர்" என்றேன். இரண்டு வாரம் நிலையத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம் டீச்சர் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"கோபமா இருக்கியா, சாப்பிட்டியா?" என்றார். என் தட்டிலிருந்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டே, மூக்கு முட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தார். ஊரார் தூரத்தையெல்லாம் அளந்தவருக்குத் தனக்கென்று ஒரு தூரம் இருந்ததே இல்லை.

அன்று என்னை நாற்காலியில் உட்கார வைத்து எனக்கும் அளந்தார். என் கயிறு மகளுடையதைவிட நீளமாக இருந்தது. "நீ எப்பவும் பயந்துக்கிட்டே ஓடிப்போய்ப் பிடிக்கிற, புனிதா. விழுந்திடுவா, யாராவது ஏதாவது சொல்லிடுவாங்கன்னு. முருகையா என்ன செய்றாரு? வேன் கதவைத் திறந்துட்டு சும்மா நிக்கிறாரு. அவ ஏறுறா."

அதன் பிறகு எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒரு கம்பின் நடுவில் தண்ணீர் வாளியை மாட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பின்பக்கத்து வெண்டைச் செடிகளுக்குக் கொண்டுபோக வேண்டும். சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது மூளை எதிரில் இருப்பவரையும் தன் வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளுமாம். எத்தனை வாளி கொட்டியிருப்போம்? எத்தனை முறை என் செருப்பு நனைந்திருக்கும்? ஒரு வருடத்தில் சிவப்பு முடிச்சு நான்கடியிலிருந்து ஒன்றரை அடிக்கு வந்தது.

கடைசியாகப் பார்த்தபோது, "அடுத்த மாசம் திரும்ப அளப்போம். அவசரப்படாத லா" என்றார். அந்த மாதம் இது. டீச்சரின் இதயம் நமக்காகக் காத்திருக்கவில்லை.

செய்தி வந்த காலையில் நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். லோஷினி கதவருகே வந்து நின்றாள். வழக்கம்போல் கையைத் தூக்கினாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. முருகையா அண்ணனை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கை இறங்கியது. ஓரடி வந்தாள். மறுபடி நின்றாள். பிறகு என் பின்னால் வந்து உட்கார்ந்து, தன் முதுகை என் முதுகில் சாய்த்துக்கொண்டாள்.

டீச்சர், இதை உங்களிடம் சொல்ல முடியவில்லையே.

நிலையத்தில் இருபத்து மூன்று ஆணிகளில் இருபத்து மூன்று கயிறுகள் தொங்குகின்றன. அவற்றை யார் அளப்பது? தலைவர் ஐயாவிடம் கேட்டுவிட்டேன். புதிய சிகிச்சையாளர் வரும்வரை சனிக்கிழமைகளில் நானும் முருகையா அண்ணனும் இருப்போம். எனக்குப் பயம் போகவில்லை. பயத்தோடுதான் வருவேன். ஆனால் ஓடி வந்து பிடிக்க மாட்டேன். அது டீச்சருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்போது எல்லாரும் மலர் தூவ வருவீர்கள். லோஷினி பின்வரிசையில் மின்விசிறிக்கு அடியில் இருக்கிறாள். திரும்பிப் பார்க்காதீர்கள். பாருங்கள், பாதிப் பேர் திரும்பிவிட்டீர்கள். அவளும் டீச்சருக்கு ஒரு பூ வைத்திருக்கிறாள். அவள் வரும்போது கையைத் தூக்கினால் அங்கேயே நில்லுங்கள். அவள் அழுதால் தட்டிக்கொடுக்கத்தான் நமக்குக் கை போகும். வேண்டாம். கை இறங்கும்வரை நில்லுங்கள்.

சேது அண்ணா, லோஷினியின் கயிற்றை நேற்று எடுத்துப் பார்த்தேன். அன்று அவள் வந்து உட்கார்ந்த தூரத்துக்குச் சிவப்பு நூலைக் கட்ட இடம் தேடினேன். இடையில் கயிறே மிஞ்சவில்லை; நாற்காலிக் காலில்தான் கட்ட முடிந்தது.