மேர்வின் ஐயாவுக்குப் பக்கத்து நாற்காலி

தலைமை நாற்காலியில் அமர்ந்து, "டெல்சி, சுருக்கமாகப் பேசு" என்று கண்ணாலேயே என்னை எச்சரித்துக்கொண்டிருக்கும் எங்கள் கல்வி நிலையத்தின் பணிப்பாளர் இக்னேசியஸ் ஐயா அவர்களே! கண்டியிலிருந்து வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்திறங்கிய மதிப்பீட்டாளர் மேர்வின் ஐயா அவர்களே! மண்டபத்துக்கு வாழை மரம் கட்டிய கையோடு முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தோட்டத் தலைவர் இராமையா அண்ணன் அவர்களே! கோயிலையும் மாதா கெபியையும் ஒரே அக்கறையோடு பார்த்துக்கொள்ளும் பெரியவர்களே! கொழுந்துக் கூடையை நிறுவை மடுவத்தில் இறக்கிவிட்டு, ஈரம் காயாத தலைத்துணியோடு ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே! மழையையும் மதியாமல் மலைமலையாய் இறங்கி வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பொகவந்தலாவை உறவுகளே! உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

மேடையைப் பாருங்கள். நாலு நாற்காலி போட்டிருக்கிறோம். இக்னேசியஸ் ஐயாவுக்கு ஒன்று, மேர்வின் ஐயாவுக்கு ஒன்று, பேசி முடித்தால் எனக்கு ஒன்று. மேர்வின் ஐயாவுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறது. அது யாருக்கு?

என்ன சொல்கிறீர்கள்? தோட்டத்துத் தொரைக்கா? இல்லை. எம்.பி.க்கா? அவருக்கு இது போதாது, சோபா கேட்பார்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்த நாற்காலியில் ஒரு கண் இருக்கட்டும். இன்றைய என் பேச்சு முழுவதும் அதைப் பற்றித்தான்.

இன்று நாம் கொடுக்கப்போவது நுண்சான்றிதழ். பின்வரிசையிலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார், "நுண்சான்றிதழ்னா சின்னப் பேப்பராங்க மிஸ்?" இல்லை அண்ணே! பேப்பர் பெரியது, படிப்புத்தான் சின்னது. வேலையை விட்டுவிட்டு வருடக்கணக்கில் படிக்க முடியாதவர்களுக்காக, ஒரு தொழிலின் ஒரு திறமையை மட்டும் எடுத்து, சில வாரங்களில் கற்பித்து, கற்றதைச் செய்துகாட்டினால் கொடுக்கிற சான்றிதழ் அது. இப்படிச் சில சான்றிதழ்களைச் சேர்த்தால் நாளைக்கு அதுவே டிப்ளோமா. படிக்கட்டு முழுவதையும் ஒரே நாளில் கேட்காமல், படிப்படியாகக் கட்டித் தருகிற உயர்கல்வி இது!

சரி, அந்தப் படியைக் கட்டுவது யார்? கட்டிய படி உறுதியானது என்று ஒப்புவது யார்? கைபிடித்து ஏற்றுவது யார்? ஏறியவர் நின்றாரா விழுந்தாரா என்று திரும்பிப் பார்ப்பது யார்? இந்தக் கேள்விகளுக்கு நான் புத்தகத்தில் பதில் தேடவில்லை. நம் மேற்பிரிவுப் பிள்ளைக் காம்பராவில் கண்டேன். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற அந்தக் காம்பராவில் கண்டேன்!

அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள், இதோ இந்த ஓரத்தில் வெட்கப்பட்டுக் குனிந்திருக்கிறாளே, நிஷாந்தி. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. ஒரு நாள் டிப்ளோமா வாங்கி, முன்பள்ளி ஆசிரியையாக வேண்டும் என்ற ஆசை மட்டும் நிற்கவில்லை. அந்த ஆசையின் முதல் படி, எங்களுடைய குழந்தைப் பராமரிப்புப் பாடநெறி.

அதை வகுத்தது யார்? முதலில் ஹட்டனில் எங்கள் நிலையத்து அறையில் உட்கார்ந்து நாங்கள் எழுதினோம். குழந்தைகளுக்குப் புல்வெளியில் பந்து விளையாட்டு என்று அழகழகாக எழுதினோம். நிஷாந்தியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினோம். அவள் சொன்னாள், "மிஸ், எங்க காம்பராவுல பந்த உருட்டுனா அது சரிவுல ஓடி, வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக் களத்துலதான் போயி நிக்கும். பின்னாலயே புள்ளைங்களும் போயிரும்." அன்றைக்கு அந்தப் பாடத்தைக் கிழித்தோம். காம்பராப் பெண்களையும் பொகவந்தலாவை மருத்துவமாதுவையும் கூட்டி வைத்து, முதலிலிருந்து எழுதினோம்.

அனுமதித்தது யார்? எங்கள் நிலையத்தின் கல்விச் சபை. அப்பப்பா, எத்தனை கேள்வி! என்ன கற்பார்கள், எப்படிச் சோதிப்பீர்கள், தேறியவர் டிப்ளோமாவில் எங்கே சேர்வார்? இக்னேசியஸ் ஐயா கோப்போடு உள்ளே போவார், திரும்பி வருவார், மறுபடி போவார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. முதல் அணியின் படிப்பு முடியப்போகும் கட்டத்தில் வெளியார் ஒருவர் வந்து மீளாய்வு செய்ய வேண்டும். அவர் திருப்திப்பட்டால் சான்றிதழும் உண்டு, பாடநெறியும் தொடரும். திருப்திப்படாவிட்டால் இரண்டும் இல்லை.

நடத்தியது நான். புதன்கிழமை தோறும் பகல் முழுக்க ஹட்டனில் வகுப்பு. அந்தப் புதன்கிழமையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மீளாய்வு நாள் வந்தது! மேர்வின் ஐயா வருகிறார் என்று தகவல் கிடைத்ததும் நம் இராமையா அண்ணன் என்ன செய்தார்? தோட்டத்துக்குப் பெரிய மனிதர் வந்தால் நாம் என்ன செய்வோமோ, அதையே செய்தார். பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. வாசலுக்கு வாழை மரம். தப்பு மேளம், மாலை, சந்தனம், பன்னீர். அதோடு விட்டாரா? உத்தரத்தில் தொங்கிய சேலைத் தொட்டில்கள் பழசாகத் தெரிகின்றன என்று அத்தனையையும் அவிழ்த்து மூட்டை கட்டிவிட்டார். குழந்தைகளுக்குத் தீபாவளிச் சட்டை போட்டு, வரிசையாக உட்கார வைத்து, "சத்தம் வரப்படாது" என்று உத்தரவும் போட்டுவிட்டார்! அண்ணே, தலையைக் குனியாதீர்கள். மரியாதையில் செய்த வேலை அது, எங்களுக்குத் தெரியும்.

மேர்வின் ஐயா உள்ளே வந்தார். பார்த்தார். அழுகிற குழந்தை இல்லை, தூங்குகிற குழந்தை இல்லை, பால் குடிக்கிற குழந்தை இல்லை. கலியாணப் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி அத்தனையும் ஆடாமல் அசையாமல் இருந்தன. நிஷாந்தியோ கையில் சந்தனத் தட்டோடு நிற்கிறாள்!

"எல்லாம் அழகா இருக்குங்க" என்றார் மேர்வின் ஐயா. "ஆனா நான் பாக்க வந்தது வேலைய. பாக்காதத நான் எப்படி எழுதுறது?"

எனக்கு உயிரே போய்விட்டது. ஐயா கழுத்து மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். நிஷாந்தியின் டிப்ளோமாக் கனவு அவர் பின்னால் வாசலைத் தாண்டப் போகிறது!

அந்த நேரம் பார்த்து, பால் கொடுக்கும் நேரமென்று மலையிலிருந்து தாய்மார் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் சண்முகவடிவு அக்கா. மகன் தர்ஷனைப் பார்த்தார். ஜரிகைச் சட்டைக்குள் தூக்கத்தில் தலை தொங்க உட்கார்ந்திருந்தான் பிள்ளை. அடுத்த கணம் இடி இடித்தது!

"யாருங்க எம்புள்ளைக்கு இந்தச் சட்டைய மாட்டிவிட்டது? கழுத்தெல்லாம் செவந்து கெடக்கு! தூங்குற நேரத்துல தொட்டில அவுத்துட்டு வேடிக்க காட்டுறீங்களா?"

"ஏம்மா வடிவு, சத்தம் போடாத, பெரிய ஐயா வந்திருக்காங்க" என்றார் இராமையா அண்ணன்.

"வரட்டுமே! புள்ளைனா தூங்கும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

வாசலில் மேர்வின் ஐயா நின்றார். திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. நிஷாந்தி படிச்ச பொறகு இங்க ஏதாச்சும் மாறியிருக்கா?"

"மாறாமயா? முந்தி புள்ளைய எடுக்க வந்தா, 'இருந்தான்'னு ஒத்த வார்த்த. இப்ப என்ன குடிச்சான், எப்பத் தூங்குனான், எல்லாம் சொல்லுது. போன மழையில இவனுக்குச் சளி. சளிதானேன்னு நான் மலைக்குப் போயிட்டேன். இந்தப் புள்ள ஆளனுப்பி என்னைய எறக்கிருச்சு. 'அக்கா, மூச்சு இழுக்கறப்ப நெஞ்சு உள்ள குழியுது, இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க'ன்னுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா புள்ளைய பாத்திருக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னாருங்க."

நான் அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது, அழுதேன்!

மேர்வின் ஐயா விடவில்லை. "சரிம்மா. கொறை ஏதும் இருக்கா?"

"இல்லாமயா? புதன்கெழம இந்தப் புள்ள படிக்கப் போயிருது. அன்னைக்கு வர்ற மாத்து ஆளுக்கு எம்மவன் பேரே தெரியல. எங்க புள்ளைகள பாத்துக்கப் படிக்கிறதுக்கு, எங்க புள்ளைகள விட்டுட்டா போறது? அந்தப் படிப்ப இங்க கொண்டாங்க!"

கேட்டீர்களா? வகுத்த எங்களுக்குத் தோன்றவில்லை. அனுமதித்த சபைக்குத் தோன்றவில்லை. நடத்திய எனக்குத் தோன்றவே இல்லை. குழந்தையை விட்டுவிட்டு மலையேறுகிறவருக்குத் தோன்றியது, ஏனென்றால் புதன்கிழமையின் பாரம் முழுவதும் அவர் நெஞ்சில் இருந்தது.

பிறகென்ன? பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றிச் சந்தனம் வியர்வையில் வழிய, உத்தரத்தில் ஏறித் தொட்டில்களைத் திரும்பக் கட்டியவர் யார்? இதே இராமையா அண்ணன்தான்! அண்ணே, அதற்கு ஒரு கைதட்டு உங்களுக்கு! நிஷாந்தி சந்தனத் தட்டைக் கீழே வைத்தாள், குழந்தைகளைக் கையில் எடுத்தாள். கடைசிக் குழந்தை வீட்டுக்குப் போகும் வரை அவள் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் மேர்வின் ஐயா பஸ் ஏறினார்.

பாடநெறி தொடர்கிறது உறவுகளே! இன்று நிஷாந்தி சான்றிதழ் வாங்குகிறாள், அவளோடு படித்த அத்தனை பேரும் வாங்குகிறார்கள்! இனிப் புதன்கிழமை வகுப்பு ஹட்டனில் இல்லை. நான் பஸ் ஏறி வருவேன், பிள்ளைக் காம்பராவிலேயே வகுப்பு நடக்கும். மேர்வின் ஐயாவின் இன்னொரு பரிந்துரையையும் கல்விச் சபை ஏற்றுக்கொண்டது. இந்தப் பாடநெறியை இனி மீளாய்வு செய்யும் குழுவில் குழந்தையை விட்டுச் செல்லும் தாய் ஒருவர் இருப்பார். விருந்தாளியாக அல்ல, வாக்குள்ள உறுப்பினராக!

இப்போது தெரிகிறதா அந்த நாற்காலி யாருக்கென்று? சண்முகவடிவு அக்கா, வாங்க! மேலே வாங்க! என்ன அக்கா, கையைக் காட்டுகிறீர்கள்? ஓ... தர்ஷன் தோளில் தூங்குகிறானா? அவனோடுதான் வாங்க, நாற்காலி இரண்டு பேரையும் தாங்கும்.

இராமையா அண்ணே, கையைக் கீழே போடுங்கள். யாரும் தட்ட வேண்டாம். பெரிய மனிதருக்காக அன்றைக்கு இந்தப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்தோம். இன்றைக்கு இந்தப் பிள்ளைக்காக நாம் எல்லோரும் கொஞ்சம் அடங்கி இருப்போம். மைக்கின் சத்தத்தைக் குறையுங்கள் தம்பி.

அக்கா உட்கார்ந்துவிட்டார். பிள்ளை விழிக்கவில்லை.

கேட்டிருந்த செவிகளுக்கும் கைதட்டாத கைகளுக்கும் என் நன்றி. மெதுவாகவே சொல்கிறேன், வணக்கம்.