மாட்டை மட்டும் எடுத்த படம்

ஹலோ... ஆமாங்க, அரவிந்தன்தான். திருவாரூர் ஸ்டூடியோதான்... சிங்கப்பூர்லேர்ந்தா? சொல்லுங்க மேடம்... ஆமா, ஆமா, ஃபேஸ்புக்ல போட்ட மாட்டுப் படம் நான் எடுத்ததுதான். பனிக்குள்ள ஒரு வெள்ளப் பசு நிக்குமே... குடவாசல் பக்கம், போன வெள்ளிக்கிழம விடியக்காலைல எடுத்தேன். பிரிண்ட் வேணுமா மேடம்?

...ஓ. உங்க வீட்டு மாடா? அப்ப துரைராசு ஐயா பொண்ணு வானதி நீங்கதானா? எம்பொண்ணு சிங்கப்பூர்ல நர்ஸு, எம்பொண்ணு நர்ஸுன்னு நாலு தடவ சொல்லிட்டாரு. நல்லா இருக்காரா ஐயா? படத்த பிரேம் போட்டுக் கொண்டாந்து தர்றேன்னு சொல்லிருக்கேன்...

...

எப்ப?

...இன்னிக்கா... மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கிட்டு இருந்தவரா... அங்கேயேவா...

ம்... ம்... இருக்கேன், லைன்லதான் இருக்கேன்... நாளைக்குக் காலைல திருச்சி வந்து இறங்குறீங்களா. அதுவரைக்கும் ஐஸ் பொட்டியில... ம்... சரிக்கா...

எந்தப் படம்?... இல்ல, புரியல... அவரே சொன்னாரா? போன்லயா? 'சட்டை போட்டுக்கிட்டு மாட்டோட நின்னேன், போட்டோக்காரத் தம்பி எடுத்துச்சு'ன்னு...

...ஆமா, தெரியுதுக்கா, அஞ்சலி பேனருக்கு வேணும்... ஆதார் கார்டு படத்த விட்டா ஒண்ணுமே இல்லையா... இருங்க, கம்ப்யூட்டர்ல...

இல்லக்கா. தேடிப் பாக்குறேன்னு பொய் சொல்ல வேணாம். அப்படி ஒரு படம் இல்ல. நான் எடுக்கல.

...

நடந்தத அப்படியே சொல்லிடுறேன்க்கா. வர்றேன்னு முந்தின நாளே சொல்லிருந்தேன், நான் போறதுக்கு முன்னாடியே மாட்டக் குளிப்பாட்டி வச்சிருந்தாரு. வெறும் மேலோட, இடுப்புல துண்டு. நான்தான் சொன்னேன், 'ஐயா, மாடு மட்டும் போதும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ன்னு... ஆமா. நான்தான். வாய்க்கா ஓரமாப் போயி நின்னுக்கிட்டாரு. முப்பத்தெட்டு படம் இருக்கு. எல்லாத்துலயும் மாடு ஒரே பக்கந்தான் பாக்குது. அவரு நின்ன பக்கம்.

முடிஞ்சதும் கேட்டாரு, 'தம்பி, என்னையும் ஒண்ணு எடுத்தா பொண்ணுக்கு அனுப்புவேன், சட்டை போட்டுட்டு வந்துடுறேன்'னு. சரின்னுதான் சொன்னேன். அவரு வீட்டுக்குப் போன நேரத்துல, அந்தாண்ட அறுத்த வயல்ல வாத்துக் கூட்டம் எறங்குச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள அத எடுத்துடணும்னு... பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டேன். அப்பதான் வர்றாரு. நேரா மாட்டுகிட்ட போயி நின்னுக்கிட்டாரு. 'கேமராவ உள்ள வச்சிட்டேன்யா, அடுத்த வாரம் வந்து எடுக்குறேன்'னேன்.

... 'அதனால என்ன தம்பி, நீ வேலையப் பாரு'ன்னாரு.

ஒரு நிமிஷம் ஆகிருக்குமாக்கா. ஒரு நிமிஷம்கூட ஆகிருக்காது.

...

தெரியலக்கா, உங்ககிட்ட ஏன் எடுத்துச்சுன்னு சொன்னாருன்னு... நீங்க கேட்டீங்களா, அனுப்புங்கப்பான்னு... ம்... உங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு சொல்லிருப்பாரு.

...திட்டுங்கக்கா. திட்டுறதுன்னா திட்டுங்க...

என்னது?... என்ன சட்டையா? ஊதா கட்டம் போட்டது. முழுக்கை... நீங்க வாங்கிக் குடுத்ததா. மடிப்புகூட கலையலக்கா. மேல் பட்டன் வரைக்கும் போட்டிருந்தாரு. தண்ணி தொட்டுத் தலையப் படிய வாரியிருந்தாரு... இல்ல, செருப்பு இல்ல... மாட்டுக் கழுத்துல ஒரு கை போட்டிருந்தாரு. இன்னொரு கைய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியாம சட்டைய இழுத்து விட்டுக்கிட்டே...

...சிரிச்சாருக்கா. நான் பாத்தேன்.

...இன்னொரு தடவையா? சொல்றேன். நேரா வந்து நின்னாருக்கா. ஊதா கட்டம் போட்ட சட்டை. மேல் பட்டன் வரைக்கும்...

ஹலோ... அக்கா...

ஹலோ...